ஸ்டோரு வளைவில் நான்கு வாஷர்

பின்னால் பாரம் ஏற்றும் என் கெப் வண்டிக்குப் பெரிய சக்கரம் போட்டது ஒரு மாசி மாதத்து வியாழக்கிழமை. காலை பத்தரைக்கு நுவரெலியாவில் ஒரு டயர் கடையில் பழைய நான்கையும் கழற்றினார்கள். பன்னிரண்டே காலுக்குப் புதிய நான்கும் ஏறிவிட்டன. அன்று மழை இல்லை. இவற்றையெல்லாம் நான் எழுதி வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே எனக்கு ஒரு குறிப்பேடு உண்டு. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எந்த லயத்து வரிசை வீட்டுக் கூரை எந்தக் காற்றில் பறந்தது, எந்த வருடம் திருவிழா எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கேட்பார்கள். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. இந்தக் கதையில் அந்தப் பெருமைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

வண்டியின் அடி கல்லில் தட்டுகிறது, அதனால் பெரிய சக்கரம் வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். உண்மைதான். தோட்டத்தின் மேல் டிவிசனுக்கு அப்பால் லீக்ஸ் காய்கறி ஏற்றப் போகும் பாதையில் மழை வந்து மண்ணைக் கொண்டு போய்விட்டது, கல்லை மட்டும் விட்டுவிட்டது. ஆனால் அது பாதிக் காரணம். காய்கறி சேகரிக்கும் இடத்தில் வரிசையில் எனக்கு முன்னால் நிற்கும் ராகலைக்காரரின் கெப் என்னுடையதைவிட ஒரு சாண் உயரம். வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் முன்சீட்டில் உட்கார்ந்து நான் புத்தகம் வாசிப்பது வழக்கம். அந்த வருடம் புத்தகத்தைவிட அந்தச் சக்கரங்களைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், நானுஓயா தாண்டி முதல் பெரிய வளைவிலேயே சத்தம் கேட்டது. ஈரப் பாயைத் தரையில் இழுப்பது போல ஓர் இழுவை. ஸ்டியரிங்கை நேராக்கியதும் நின்றது. அடுத்த வளைவில் மறுபடியும். லிந்துலைக்கு வருவதற்குள் ரப்பர் காந்தும் மணம் வண்டிக்குள் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை பிள்ளை எழுதும் சோக்குக்கட்டியை எடுத்து முன்டயர் இரண்டின் ஓரங்களிலும் பூசினேன். ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பி, வண்டியை முற்றத்தில் முன்னும் பின்னும் நகர்த்தினேன். பிறகு கீழே படுத்து வெளிச்சம் அடித்துப் பார்த்தால் வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே உரசுகிறது. மூன்று இடம். சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் சேறுதடுப்பு ரப்பர். மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தகட்டின் விளிம்பு. மூன்றாவது, உள்பக்கம், வண்டியின் இரும்புச் சட்டம்.

முதல் இரண்டையும் நானே சரிசெய்தேன். சேறுதடுப்பைக் கழற்றி ஒரு விரல்கடை பின்னால் தள்ளிப் பூட்டினேன். பிளாஸ்டிக் விளிம்பை வாள் பிளேட்டால் அறுத்தேன். மிச்சத்தில் கேத்தல் கேத்தலாகக் கொதிதண்ணீர் ஊற்றி, இளகியதும் மரக்கட்டையால் உள்ளே அமுக்கி, ஆறும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் இரும்புச் சட்டத்தில் உரசுவது அப்படியே இருந்தது. பாரம் ஏற்றினால் இன்னும் மோசம்.

இப்படியே மூன்று வாரம் ஓட்டினேன். பங்குனித் திருவிழா நெருங்கியது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் ஊர்வலம் போவது என் கெப்பில்தான். அதற்கு முன்பு டிராக்டரில் போய்க்கொண்டிருந்தது. அது பழுதாகி நின்ற வருடத்திலிருந்து என் வண்டி. சாமி ஏறும் வண்டி மூலைக்கு மூலை உரசிக்கொண்டு போகக் கூடாது என்று நினைத்தேன். திருவிழாவுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை லிந்துலையில் எனக்குப் பழக்கமான கராஜுக்குப் போனேன்.

கராஜ்காரர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்தார்.

"பிளாஸ்டிக்க வெட்டிட்டீங்க, சரி. சேசிஸ வெட்டுவீங்களாண்ணே?"

"வேற வழி இல்லையா?"

"இருக்கு. பழைய சக்கரத்தையே போடுங்க. வண்டியும் சந்தோஷப்படும், நானும் சந்தோஷப்படுவேன்."

"அது முடியாது."

"அப்ப திருப்பத்தைக் குறைக்கணும்."

முன்சக்கரம் ஓர் அளவுக்கு மேல் திரும்பாமல் தடுக்க உள்ளே பக்கத்துக்கு ஒரு போல்ட் இருக்கிறது. அதன் தலைக்கு அடியில் வாஷர் வைத்தால் தலை வெளியே தள்ளி நிற்கும். சக்கரம் முந்தியே அதில் முட்டி நின்றுவிடும். இரும்புச் சட்டம் வரைக்கும் டயர் போகாது. பக்கத்துக்கு இரண்டாக நான்கு தடித்த வாஷர் வைத்தார். அரை மணித்தியால வேலை. ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பிப் பார்த்தேன். டொக் என்று நின்றது. உரசல் இல்லை.

சாவியைத் தரும்போது அவர் சொன்னார். "வட்டம் பெருசாகிருக்கும்ணே. முந்தி ஒரே வெட்டுல திரும்புன எடத்துல இப்ப பின்னால எடுத்துத் திரும்பவும் வரும். உங்களுக்குப் பழகிரும். வேற ஆளு ஓட்டுனா மறக்காம சொல்லிருங்க."

அதையும் அன்றே குறிப்பேட்டில் எழுதினேன். "வேறு ஆள் ஓட்டினால் சொல்ல வேண்டும்." கீழே கோடும் போட்டிருக்கிறேன்.

ஊர்வலத்தில் என் வண்டியை நான் ஓட்டுவதில்லை. தோட்டத்தின் தேயிலைக் கொழுந்து லொறியை ஓட்டும் டிரைவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர்தான் ஓட்டுவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பூசாரியோடு சேர்ந்து அவரும் கையில் காப்புக் கட்டி, பத்து நாள் விரதம் இருப்பார். அண்ணனுக்கு ஒரு காலத்தில் குடிப்பழக்கம் இருந்தது. அதை விட்டதே சாமிக்கு வண்டி ஓட்டத் தொடங்கிய வருடத்தில்தான். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாமி ஏறிய வண்டி முன்னால் மட்டுமே போக வேண்டும். ஓர் அடிகூடப் பின்னால் வரக் கூடாது. தேயிலைத் தொழிற்சாலைக்கு, நாங்கள் ஸ்டோரு என்போம், அதற்குக் கீழே கீழ் டிவிசனுக்கு இறங்கும் பாதையில் ஒரு வளைவு இருக்கிறது. நேர் எதிரே கல்லணை, இடப்பக்கம் தேயிலைச் சரிவு. லொறி இரண்டு தடவை பின்னால் எடுத்துத்தான் திரும்பும். கெப் ஒரே வெட்டில் திரும்பும், ஆனால் ஓட்டத் தெரிந்தவர் ஓட்டினால்தான். அண்ணன் இடது சக்கரத்தைச் சரிவின் விளிம்புக்கே விட்டு, அங்கிருந்து ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடிப்பார். வண்டி கல்லணையை ஒரு சாண் இடைவெளியில் தடவிக்கொண்டு திரும்பும். அந்த இடத்தில் தப்பு மேளம் அடிப்பவர்கள் அடியை மாற்றுவார்கள், பொடியன்கள் விசில் அடிப்பார்கள். அவருக்கு வருடத்தில் கிடைக்கும் ஒரே கைதட்டல் அது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, வாழையும் தோரணமும் கட்டிய வண்டியின் சாவியை அவரிடம் கொடுத்தேன். குளித்துவிட்டு மஞ்சள் வேட்டியோடு வந்திருந்தார். சக்கரத்தைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்னா தம்பி, கெப்புக்கு யானைக்கால் வந்துருச்சா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"கல்லு தட்டுதுண்ணே, அதான்."

"கல்லு தட்டுதா, ராகலைக்காரன் தட்டுறானா?"

மறுபடியும் சிரிப்பு. என் முகம் சூடானது. அவர் சாவியைக் கையில் வாங்கி, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"வேற ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லண்ணே."

நான் மறக்கவில்லை. இதைத்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது. கராஜ்காரரின் சொல் வாய்வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால், உரசுகிறது என்று வாஷர் போட்டேன், ஆசைப்பட்டு வாங்கிய சக்கரம் வண்டிக்குச் சேரவில்லை என்று அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பிறகு தனியாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு சாமியை ஏற்றினார்கள். பிறகு கூட்டம்.

வளைவுக்கு வரும்போது பிற்பகல் ஒன்று நாற்பது. நான் வண்டிக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். தப்பின் அடி மாறியது. இடது சக்கரம் விளிம்புக்குப் போனது. வண்டி திரும்பத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்குள்ளும் எனக்கு அது கேட்டது: டொக். வண்டியின் முன்பக்கம் கல்லணையை நோக்கி நேராகப் போய், ஒரு முழத்துக்கு முன்னால் நின்றது.

அண்ணன் பின்னால் எடுக்கவில்லை. ஸ்டியரிங்கை விட்டு மறுபடி திருப்பினார். டொக். இறங்கிப் போய் முன்சக்கரத்தைப் பார்த்தார். மறுபடி ஏறி உட்கார்ந்தார். பத்துப் பேர் சேர்ந்து வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் நகர்த்தப் பார்த்தார்கள். அது அசையவில்லை. தப்பு நின்றுவிட்டது. பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்று ஐம்பத்தைந்துக்கு அவர் ரிவர்ஸ் போட்டார். மூன்று அடி பின்னால் வந்து, திரும்பி, முன்னால் போனார்.

பிறகு சாமி வந்து ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண், "சுத்தமில்ல, சுத்தமில்ல" என்று கத்தினாள். யார் என்று அவள் சொல்லவில்லை. எல்லோரும் டிரைவர் சீட்டைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன் என்பதுதான் இன்றும் என்னால் தாங்க முடியாதது. நானும் அவர்களோடு சேர்ந்து திரும்பி அவரைப் பார்த்தேன்.

அடுத்த நாள், திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம், கராஜுக்குப் போய் வாஷர் நான்கையும் கழற்றச் சொன்னேன். "ஏண்ணே, பிடிக்கலையா?" என்றார் கராஜ்காரர். ஆமாம் என்றேன். நான்கையும் வண்டிக்குள் சில்லறைக் குழியில் போட்டுக்கொண்டு, உரசலோடு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஞாயிறு கோயில் கமிட்டி கூடியது. அவர் குடித்திருந்தாரா இல்லையா என்று நேரடியாக யாரும் கேட்கவில்லை. சுற்றிச் சுற்றிப் பேசினார்கள். ஒருவர், "முந்தியும் ஒரு தடவ இப்படிப் பின்னால வந்துருக்குல்ல?" என்று அவருக்காகப் பேசப் பார்த்தார். தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"நோட்டைப் பாருங்க தம்பி. அதுல இருக்கும்ல?"

நான் விரித்து வாசித்தேன். முந்திய வருடங்கள் எல்லாவற்றிலும் "ஒரே வெட்டில்" என்று இருந்தது. இந்த வருடம்: "ஸ்டோரு வளைவு, 1.40. வண்டி திரும்பவில்லை. 1.55க்குச் சாமி பின்வாங்கியது. இதற்கு முன் நடந்ததில்லை."

எழுதிய இரவு அந்தக் கடைசி வசனத்தின் துல்லியம் எனக்குப் பிடித்திருந்தது. இப்போது அதை நான் வாசித்து முடித்ததும் அவருக்காகப் பேசியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நோட்டே சொல்லுது" என்றார் தலைவர். "அடுத்த வருஷம் வேற ஆள் பார்ப்போம். காப்பும் கட்ட வேணாம். என்னா சொல்றீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல. எதையோ எதிர்பார்க்கிற மாதிரி. நான் குறிப்பேட்டை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

ஏழு மாதம் நான் உரசிக்கொண்டே ஓட்டினேன். ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பாய் இழுக்கும் சத்தம். டயரின் உள்பக்கம் பளபளவென்று தேய்ந்தது. பழைய சக்கரங்கள் கோழிக்கூட்டுக்குப் பின்னால் அடுக்கி இருந்தன. அவற்றை மாட்டியிருக்கலாம். ஏன் மாட்டினாய் என்று யாராவது கேட்பார்கள் என்று பயம். அவர் கொழுந்து லொறியோடு எதிரே வந்தால் நான் ஒதுங்கி வழிவிட்டு, கண்ணாடிப் பக்கம் பார்க்காமல் இருந்தேன்.

ஐப்பசி மாதம், ஒரு புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி. பலத்த மழை. ஸ்டோருக்குப் பக்கத்தில் அண்ணன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கைகாட்டினார். லொறி பழுதாகி நின்றிருந்தது. கீழ் டிவிசனில் அவருடைய வீடு. ஏறிக்கொண்டார். மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினோம். வளைவு வந்தது. நான் இடது பக்கம் போய்த் திருப்பினேன். வண்டி உரசிக்கொண்டே, ஒரே வெட்டில், திரும்பியது.

சிறிது தூரம் போனதும், "நிப்பாட்டு தம்பி" என்றார்.

நிறுத்தினேன்.

"அன்னைக்கு உரசல. திரும்பவும் இல்ல. இன்னைக்கு உரசுது, திரும்புது. என்னத்த எடுத்த?"

"வாஷர்."

"எத்தனை?"

"பக்கத்துக்கு ரெண்டு."

தலையை ஆட்டினார். வைப்பர் போய் வந்துகொண்டிருந்தது.

"அன்னைக்கே தெரியும் எனக்கு. முப்பது வருஷமா ஸ்டியரிங் பிடிக்கிறேன், டொக்குன்னா என்னான்னு தெரியாதா? நீ சொல்லுவேன்னு இருந்தேன். கமிட்டியில நோட்டை விரிச்ச பாரு, இப்ப சொல்லப் போறான்னு நெனச்சேன்."

"நீங்க சொல்லியிருக்கலாமேண்ணே" என்றேன். இப்படிக் கேட்க எனக்கு வாய் வந்தது.

"குடிகாரப் பய வண்டி மேல பழி போடுறான்னு சொல்ல மாட்டானுங்களா?" சாக்கை மடித்து மடியில் வைத்தார். "அவனுங்கள விடு. அன்னைக்கு வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரி ஒண்ணும் கேக்கல. கிட்ட வந்து வாய மோந்து பார்த்தா தம்பி. அஞ்சு வருஷம் கழிச்சு."

அவரை இறக்கிவிடும்போது நானும் இறங்கினேன். அவருடைய மனைவி கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார், தலையில் ஈரம். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஏழு மாதமும் வாஷர் நான்கும் வண்டிக்குள் சில்லறை போடும் குழியில்தான் கிடந்தன. எடுத்து வந்து காட்டினேன். அந்த அக்கா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?" என்றார். பிறகு, "எல்லாத்தையும் எழுதுறீங்க எழுத்துக்காரரே, இத எழுதலையா?"

"எழுதல அக்கா."

"எங்கிட்ட வந்து சொல்லி என்னா? அன்னைக்குத் தோட்டமே என்னையப் பார்த்துச்சு. அங்க போய்ச் சொல்லுங்க."

வாஷரைத் திருப்பித் தந்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். அவர் சாக்கைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். "தேத்தண்ணி போடவா?" என்று அவரிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் சொன்னேன். முதலில் யாரும் நம்பவில்லை. டிரைவரைக் காப்பாற்ற நான் கதை கட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னார். அப்படியானால் வளைவில் காட்டுகிறேன் என்றேன். கராஜ்காரரை வரவழைத்து, ஸ்டோருக்கு முன்னால் வைத்து வாஷர் நான்கையும் போடச் செய்து, பத்து மணிக்கு வளைவுக்கு ஓட்டினேன். கமிட்டியோடு பாதி லயம் வந்து நின்றது. இடது சக்கரத்தை விளிம்புக்கு விட்டுத் திருப்பினேன். டொக். கல்லணை. பின்னால் எடுத்தேன். கீழே இறங்கி அவர்கள் கண்முன்னே வாஷரைக் கழற்றச் சொன்னேன். மறுபடி ஓட்டினேன். திரும்பியது.

பிறகு கூட்டத்திலிருந்து ஒரு குரல், "அப்ப அன்னைக்கு அசுத்தம் வண்டிக்காரன்தான்" என்றது. சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் நான் இதெல்லாம் செய்தேன். நின்று கேட்டபோது அது ஒரு நிமிஷம்கூட நீடிக்கவில்லை.

தலைவர் அண்ணனின் வீட்டுக்கே போய்ப் பேசினார். இந்தப் பங்குனியில் அவர் காப்புக் கட்டினார், ஆனால் என் வண்டி வேண்டாம் என்றார். தலவாக்கலையிலிருந்து வேறு கெப் வந்தது. நான் பின்னால் நடந்தேன். வளைவில் தப்பின் அடி மாறியது. வண்டி ஒரே வெட்டில் திரும்பியது. ஒன்று முப்பத்திரண்டு. அவருடைய மனைவி எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் தட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பழைய சக்கரங்களைத் திரும்ப மாட்டிவிட்டேன். குறிப்பேட்டில் போன வருடத்துப் பக்கத்தில், "இதற்கு முன் நடந்ததில்லை" என்பதன் கீழே காரணத்தை எழுதி, அதை எழுதிய நாளையும் போட்டிருக்கிறேன். அந்த இரண்டு நாள்களுக்கும் நடுவில் இருக்கும் ஏழு மாதத்தைப் பக்கத்தைத் திறப்பவர் யாரும் எண்ணிக்கொள்ளலாம்.

போன மாதம் லயத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி. நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக அண்ணன் வந்து சாவி கேட்டார். கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "வேற ஒண்ணும் இல்லையே?" என்றார்.

"பிரேக் கொஞ்சம் இடப்பக்கம் இழுக்குதுண்ணே. பின் லைட்டு ஒண்ணு எரியல. ரெண்டாவது கியர் சூடாகும்வரைக்கும் கடினமா விழும். கதவு ஒண்ணு உள்ள இருந்து தெறக்காது."

வெளியே ஆள்கள் அவசரப்படுத்தினார்கள். அவர் நகரவில்லை. நான் சொல்லி முடித்தேன் என்று தெரிந்த பிறகும் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவ்வளவுதான்ணே" என்றேன்.

அதன் பிறகுதான் போனார்.